வளைந்த காலா, நேர் காலா? பிரெஞ்சுப் பாணி டிரஸ்ஸர் வாங்கப் போகிறவர்களுக்கு

அக்கா வீட்டு டிரஸ்ஸருக்கு, வாங்கிய பதினான்காம் மாதம் கால் உடைந்தது. வெள்ளை நிறம், வயிறு தள்ளிய முன்பக்கம், பூனைக் கால் மாதிரி வளைந்த நான்கு கால்கள், ஒவ்வொரு இழுப்பறையின் நடுவிலும் பொன்நிறப் பூங்கொத்து. கடையில் அதன் மேல் ‘பிரெஞ்சு ஸ்டைல்’ என்று அட்டை வைத்திருந்தார்கள். அறைக்குப் பெயிண்ட் அடிக்க வந்த இரண்டு பேர் அதைத் தூக்காமல் ஓரடி தள்ளினார்கள், அவ்வளவுதான். முன்கால் ஒன்று கணுக்கால் இடத்தில் மளுக்கென்று போய்விட்டது. உடைந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மரம்தான். ஆனால் அதன் நார் காலின் நீளத்தில் ஓடாமல் குறுக்கே ஓடியிருந்தது. பிஸ்கட் உடைகிற மாதிரி உடைந்ததற்குக் காரணம் அதுதான்.

அதற்குப் பதில் என்ன வாங்குவது என்ற பேச்சு மூன்று மாதம் ஓடியது. அக்காவுக்கு அந்தப் பிரெஞ்சு அழகு வேண்டும். அத்தானுக்கு ஒரு ஸ்டீல் பீரோ போதும். நடுவில் மாட்டிக்கொண்டவன் நான். கடைகடையாக ஏறி இழுப்பறைகளை இழுத்துப் பார்த்ததிலும், ஏற்கெனவே இந்த விஷயத்தில் இருந்த கிறுக்கிலும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வளைவுக்குக் கூலி அதிகம். அந்தக் கூலியைக் கொடுக்க மனமில்லை என்றால் நேர்கோட்டுப் பாணிக்குப் போய்விடுங்கள். அதுவும் அசல் பிரெஞ்சுதான்.

கமோடும் பீரோவும்

நாம் டிரஸ்ஸர் என்று கேட்டு வாங்கும் இந்த இழுப்பறைப் பெட்டிக்குப் பிரெஞ்சில் ‘கொமோட்’ என்று பெயர். வசதியானது என்று அர்த்தம். இரவில் உபயோகிக்கச் சட்டியை உள்ளே மறைத்து வைத்த நாற்காலிக்கும் ஆங்கிலத்தில் இந்தப் பெயர் போக, அங்கிருந்து அந்தச் சொல் நம் வீட்டில் வேறு அறைக்குக் குடிபோய்விட்டது. படுக்கையறைக்கு ஒரு கமோட் வாங்கப் போகிறேன் என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். அத்தான் சிரித்து முடிக்க நேரம் பிடித்தது.

இதைவிடச் சுவையான விஷயம் ஒன்று உண்டு. 1708-ல் ஆந்த்ரே ஷார்ல் பூல் என்ற தச்சுக் கலைஞர் பிரெஞ்சு அரசர் 14-ஆம் லூயியின் திரியானோன் மாளிகைக்கு இப்படி இரண்டு பெட்டிகள் செய்துகொண்டிருந்தார். அப்போது இதற்குத் தனிப் பெயர் நிலைக்கவில்லை. அந்தக் காலத்துக் கடிதத்தில் அவற்றை ‘பீரோ’ என்றே குறித்திருக்கிறார்கள். அத்தான் கேட்ட பீரோவும் அக்கா கேட்ட கொமோடும் ஒரு காலத்தில் ஒரே சாமானின் பெயர்கள்!

வசதியானது என்ற பெயர் ஏன் வந்தது என்பது நம் பாட்டிகளுக்குச் சொல்லாமலே புரியும். அதற்கு முன்பு துணிமணி வைக்க மேலே மூடி போட்ட பெட்டிதான். நம் டிரங்குப் பெட்டி மாதிரி. அடியில் கிடக்கும் பட்டுப் புடவையை எடுக்க மேலே இருப்பது எல்லாவற்றையும் கட்டிலில் இறக்க வேண்டும். இழுப்பறை வந்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆகவே இந்தச் சாமானின் உயிர் இழுப்பறையில் இருக்கிறது. காலும் பூவும் அப்புறம் வந்தவை. கடைக்குப் போகும்போது இதே வரிசையில் பார்த்தால் பாதி ஏமாற்றம் குறையும்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே தீர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தலை வாரி அலங்காரம் செய்கிறவர் என்றால் உங்களுக்குக் கொமோட் சரிப்படாது. கீழே வரை இழுப்பறை இருப்பதால் முழங்காலுக்கு இடம் கிடையாது. அதற்குக் ‘குவாஃபெஸ்’ என்று வேறொன்று இருக்கிறது. நடுப்பலகையைத் தூக்கினால் கண்ணாடி வரும், காலுக்கு இடம் விட்டிருக்கும், சின்னது. நின்றபடி பொட்டு வைத்துக்கொண்டு ஓடுகிற வீடுகளுக்குத்தான் கொமோட்.

வளைவின் விலை

பிரெஞ்சு டிரஸ்ஸர் என்றதும் பெரும்பாலானவர்கள் மனதில் வருவது 15-ஆம் லூயி காலத்துப் பாணி. 1730-களிலிருந்து 1750-கள் வரை அது உச்சத்தில் இருந்தது. கால் ஆங்கில எஸ் எழுத்து போல வளையும். முன்பக்கம் மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் இரண்டு திசையிலும் உப்பியிருக்கும். நல்ல வேலைப்பாட்டில் இழுப்பறைகளுக்கு இடையே குறுக்குச் சட்டம் வெளியே தெரியாது. முன்பக்கம் முழுவதும் ஒரே படமாக அலங்காரம் ஓடும், இழுத்தால்தான் இழுப்பறை இருப்பதே தெரியும். 15-ஆம் லூயியின் வெர்சாய் அரண்மனைப் படுக்கையறைக்கு 1739-ல் கோத்ரோ என்ற தச்சுக் கலைஞர் செய்த கொமோட் இப்போது லண்டனில் வாலஸ் சேகரிப்பு என்ற அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படத்தைப் பார்த்தாலே போதும். வெண்கலக் கொடிகள் மரத்தின் மேல் நிஜமாகவே படர்ந்த மாதிரி இருக்கும்.

அந்த அழகுக்குப் பின்னால் இருக்கும் வேலையைக் கொஞ்சம் பார்க்கலாம். இரண்டு திசையில் வளைந்த பரப்பின் மேல் வினீரை, அதாவது மெல்லியதாக அறுத்த மர ஏட்டை, ஒரே தாளாக ஒட்ட முடியாது, மடிந்து கிழியும். அதனால் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, மர நிறங்களை மாற்றி மாற்றிப் பதித்தார்கள். மூலையிலும் பாதத்திலும் வினீரின் ஓரம் இடிபட்டுப் பெயரும். அதைக் காக்கத்தான் அங்கே வெண்கலத் தகடுகளும், காலடியில் வெண்கலச் செருப்பும். பொன் பூசியதும் பூ செதுக்கியதும் அதற்கு மேல் செய்த அழகு.

இப்போது அக்காவின் பழைய டிரஸ்ஸரை நினைத்துப் பாருங்கள். பூங்கொத்து இழுப்பறையின் நடுவில் ஒட்டியிருந்தது. எதையும் காக்காத இடம். மூலையில் ஒன்றும் இல்லை, முதல் ஆறு மாதத்திலேயே மூலை வெள்ளை பெயர்ந்து உள்ளே எம்.டி.எஃப்., அதாவது மர இழைத் தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை தெரிந்தது. கடையில் போலியைக் கண்டுபிடிக்க எனக்கு இதைவிட எளிய வழி தெரியவில்லை. உலோகம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மூலையில் இருந்தால் அதற்கு ஒரு வேலை இருக்கிறது. நடுவில் இருந்தால் ஸ்டிக்கர் பொட்டு.

வளைந்த காலுக்கு வருவோம். அதை நேரான மரக்கட்டையிலிருந்துதான் அறுத்தெடுக்க வேண்டும். கால் எவ்வளவு வெளியே வளைகிறதோ அவ்வளவு தடிமனான கட்டை வேண்டும், அதில் பெரும்பகுதி செதிலாகப் போகும். செலவைக் குறைக்க மெல்லிய கட்டையில் அறுத்தால் கணுக்கால் மெலிந்து, அங்கே குறுக்கே அறுபட்ட நார் தாங்காது. எங்கள் ஆசாரியிடம் உடைந்த காலைக் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“வளைச்சுக் கேட்டா வளைச்சே தரேன் தம்பி. தேக்குல மூணரை அங்குலக் கட்டை வேணும். நாலு காலுக்கு ஆகுற மரத்துல ஒரு சின்ன கட்டிலே போட்டுடலாம். அப்புறம் உங்க இஷ்டம்.”

கொஞ்சம் ஏற்றித்தான் சொல்கிறார் என்று தெரியும். ஆனாலும் கணக்கு அந்தப் பக்கம்தான் சாய்கிறது. இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. முன்பக்கம் உப்பியிருந்தாலும் உள்ளே இழுப்பறை செவ்வகப் பெட்டிதான். வெளியே 4 அடி இடத்தை அடைத்துக்கொண்டு உள்ளே அதற்கேற்ற துணியை வாங்காது. பணமும் இடமும் தாராளமாக இருந்து, நல்ல கைவேலைக்காரரும் கிடைத்தால் இந்தப் பாணியை வாங்குங்கள், வீட்டுக்கு அதுவே நகையாக இருக்கும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம் என்பேன்.

கடைசல் கால்

ஹெர்குலேனியத்தில் 1738-லும் பொம்பேயில் 1748-லும் தோண்ட ஆரம்பித்தார்கள். புதைந்த ரோமானிய ஊர்களிலிருந்து தூணும் மாலையும் வெளியே வந்ததும் ஐரோப்பாவின் ரசனை திரும்பியது. பாரிஸில் வளைவு சலித்து நேர்கோடு வந்தது. இதை 16-ஆம் லூயி பாணி என்கிறார்கள். ஆனால் அவர் பட்டத்துக்கு வந்தது 1774-ல். பாணி அதற்குப் பத்து வருஷம் முன்பே வந்துவிட்டது. அவருடைய ராணி மரி அந்த்வானெத்துக்குப் பிடித்த தச்சுக் கலைஞர் ரீசெனர் இந்தக் காலத்தின் பெரிய பெயர்.

நேரான முன்பக்கம், மூலை கொஞ்சம் உருண்டையாக, கீழே போகப் போகச் சிறுக்கும் உருளைக் கால், அந்தக் காலில் நெடுக்காக வரிப்பள்ளங்கள், அடியில் கால் நுனியை மூடும் பித்தளைக் குப்பி. மேல் இழுப்பறை வரிசை ஆழம் குறைவு, அதைப் பெரும்பாலும் இரண்டு மூன்றாகப் பிரித்திருப்பார்கள். அதன் கீழே இரண்டு முழு அகல இழுப்பறைகள். கைப்பிடி வட்ட வளையமாகவோ மாலை போலத் தொங்கியோ இருக்கும்.

இதைப் பார்த்ததும் எனக்கு உறைத்தது ஒன்று. இது கடைசல் வேலை! தொட்டில் கால், ஊஞ்சல் பலகைக்குக் குமிழ், கட்டில் கால் என்று நம்மூர்க் கடைசல்காரர்கள் தலைமுறையாகச் செய்வது இதைத்தான். கடைசலில் நார் காலின் நீளத்திலேயே நிற்கும். 3 அங்குலச் சதுரக் கட்டை போதும். வரிப்பள்ளத்தை இன்று ரூட்டர் மிஷினில் போட்டுவிடுகிறார்கள். வளைந்த காலுக்குத் தயங்கிய அதே ஆசாரி, படத்தைக் காட்டியதும் “இது எட்டு காலா கேட்டாலும் செய்யலாம்” என்றார்.

மேல் வரிசை பிரிந்திருப்பது நம் வீட்டுக்கு வெகு பொருத்தம். கண்மை, வளையல், ஹேர்பின், பழைய கண்ணாடிக் கூடு, மாத்திரை அட்டை எல்லாம் பெரிய இழுப்பறையில் போட்டால் தொலைந்த மாதிரிதான். 4 அங்குல ஆழத்தில் மூன்று சின்ன இழுப்பறை இருந்தால் ஆளுக்கொன்று. கீழே உள்ளே 44 அங்குல அகலம் கிடைத்தால், மடித்த புடவை சுமார் 14 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், மூன்று வரிசை நிற்கும்.

காலின் உயரம் 6 அங்குலமாவது இருக்கட்டும். துடைப்பமும் மாப்பும் உள்ளே போய் வர வேண்டும். தினம் ஈரத்துணி போட்டுத் துடைக்கும் தரையில் மரம் நேராக நிற்கக் கூடாது. அந்தப் பித்தளைக் குப்பி அழகுக்கு மட்டும் இல்லை, தண்ணீர் மரத்தில் ஏறாமல் காக்கும். குப்பியின் அடியில் ஒரு ரப்பர் புஷ் வைக்கச் சொல்லுங்கள்.

தரையைத் தொடும் பாணி, சன்னமான பாணி

இடையில் நெப்போலியன் காலத்து எம்பயர் பாணி ஒன்று உண்டு. கருஞ்சிவப்பு மஹோகனி, பொன் பூசிய வெண்கலம், ஸ்பிங்க்ஸ் தலைகள். படுக்கையறையில் நீதிமன்றத்தைக் கொண்டுவந்து வைத்த மாதிரி இருக்கும். தாண்டிப் போய்விடலாம்.

லூயி பிலிப் பாணி அப்படித் தாண்டக்கூடியது இல்லை. 1830 முதல் 1848 வரை ஆண்ட அந்த அரசரின் காலத்தில் வியாபாரிகளும் வக்கீல்களும் வீடு நிரப்பினார்கள், அவர்களுக்கேற்ற சாமான் இது. பூ இல்லை, பொன் இல்லை. நான்கைந்து முழு அகல இழுப்பறை, உருட்டிய மூலை, மேலே சாம்பல் நிறக் கல். மேல் இழுப்பறை ஒரு வளைந்த விளிம்புக்குள் மறைந்திருக்கும். சிலவற்றில் தரையோரப் பட்டையிலும் ஒரு ரகசிய இழுப்பறை உண்டு, நகை வைக்க ஆசை வரும். பலவற்றில் கைப்பிடியே கிடையாது. சாவியைப் போட்டு, சாவியைப் பிடித்தே இழுக்க வேண்டும். குழந்தை இருக்கும் வீட்டில் சாவி எத்தனை நாள் இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

துணி கொள்ளும் விஷயத்தில் இதை அடிக்க ஆளில்லை. அதே அகலத்தில் மற்ற இரண்டையும்விட ஓர் இழுப்பறை கூடுதலாகக் கிடைக்கும். அலங்காரம் இல்லாததால் செய்வதும் எளிது, பழையதில் பழுது பார்ப்பதும் எளிது. தொல்லை அடியில்தான். இது தரையோடு உட்கார்ந்திருக்கும். மாப் தண்ணீர் தினமும் பட்டையில் படும், பின்னால் கரப்பான் குடும்பம் நடத்தும், கரையான் சுவரிலிருந்து நேராக ஏறலாம். புதிதாகச் செய்கிறீர்கள் என்றால் அடியில் 2 அங்குல உயரத்துக்குக் கிரானைட் பட்டை கொடுத்து அதன் மேல் உட்கார வையுங்கள். பார்ப்பதற்கும் வித்தியாசம் தெரியாது.

சுவர் அகலம் 3 அடிக்குள் என்றால் மேலே சொன்ன எதுவும் உதவாது. அப்போது ‘செமேனியே’. வாரத்துக்கு ஏழு நாள், அதற்கு ஏழு இழுப்பறை, குறுகலாக உயரமாக ஒன்று. நாளுக்கொரு இழுப்பறை என்பது அந்தப் பெயரின் கதை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்தக் கதை நிஜமாகவே பலிக்கிறது. ஒரே எச்சரிக்கை: உயரமும் குறுகலும் சேர்ந்தால் கவிழும். இரண்டு மூன்று இழுப்பறையை ஒன்றாகத் திறந்து குழந்தை அதில் ஏறினால் மொத்தமும் முன்னால் விழும். பின்பக்கம் எல் கிளாம்ப் வைத்துச் சுவரோடு திருகாமல் இதை வைக்கவே வைக்காதீர்கள்.

தேய்த்து உதிர்த்த வெள்ளை டிரஸ்ஸர்களை எங்கே சேர்ப்பது? பிரான்ஸின் ஊர்ப்புறங்களில் கொமோட் பெரும்பாலும் வால்நட், செர்ரி, ஓக் மரத்தில், மெழுகு தேய்த்த நிறத்தில்தான் இருந்தது. வேண்டுமென்றே பெயிண்டை உதிர்த்துப் பழசாக்குவது 20-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பரவிய ரசனை. பிடித்திருந்தால் வாங்குங்கள், தப்பில்லை. தேங்காய் எண்ணெய் தொட்ட கை இழுப்பறையைத் திறக்கும் வீட்டில், உதிர்ந்த வெள்ளைக்கும் அழுக்கு வெள்ளைக்கும் வித்தியாசம் ஒரு வருஷத்தில் மறைந்துவிடும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். வெள்ளைதான் வேண்டும் என்றால் கொஞ்சம் சாம்பல் கலந்த வெள்ளை பியூ (பாலியூரித்தேன்) பெயிண்டில் அடியுங்கள். எனாமல் வெள்ளை நாளாக ஆக மஞ்சளடிக்கும்.

யாரிடம் வாங்குவது

கடைச் சரக்கு, ஆசாரி, பழைய சாமான் கடை என்று மூன்று வழி.

கடைச் சரக்கில் விலை குறைவு, நாளைக்கே வீட்டுக்கு வரும். ஆனால் பெரும்பாலும் எம்.டி.எஃப். அது தட்டையான கதவுக்கு நல்ல சரக்கு, பெயிண்ட் வழவழப்பாக உட்காரும். ஈரம் ஏறினால் ஊதும், ஒருமுறை ஊதினால் இறங்காது. கடலோர ஊரிலோ வெளிச்சுவர் ஓதம் காக்கும் அறையிலோ வேண்டாம். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் இந்த வழியில் நேர்கோட்டுப் பாணியை மட்டும் எடுங்கள். தட்டைப் பலகை தட்டையாகவே இருக்கும்போது பொய் தெரியாது.

கடையில் இழுப்பறையை முழுதாக வெளியே உருவிப் பார்க்கத் தயங்காதீர்கள். விற்பவர் முகம் கோணினாலும் பரவாயில்லை. பக்கப் பலகையும் முன்பலகையும் சேரும் இடத்தில் டவ்டெயில், அதாவது புறா வால் போல விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருந்தால் மேற்கொண்டு பேசலாம். பசையும் பின்னும் மட்டும் என்றால் பட்டுப் புடவை கனத்துக்கு முன்பலகை ஒருநாள் கையோடு வந்துவிடும். அடிப்பலகையை விரலால் அழுத்துங்கள். தொய்ந்தால் வைத்துவிடுங்கள்.

பழைய சாமான் என்றால் புதுச்சேரியும், ஆரோவில் போகும் வழியில் இருக்கும் கடைகளும். பிரெஞ்சுக்காரர்கள் 1954 வரை ஆண்ட ஊர் என்பதால் தேக்கிலும் ஈட்டியிலும் உள்ளூர் ஆசாரிகள் செய்த பிரெஞ்சு வடிவங்கள் அங்கே உண்டு. வெர்சாய் வடிவம் நம்மூர் மரத்தில் இறங்கும்போது கால் கொஞ்சம் தடிக்கும், பூ கொஞ்சம் பெரிதாகும். எனக்கு அது அசலைவிடப் பிடிக்கும். புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பிரெஞ்சுக் கால மரச்சாமான் இருக்கிறது. கடைக்குப் போகும் முன் அங்கே அரைமணி நேரம் செலவழித்தால் கண் பழகும்.

‘டூப்ளே காலத்துச் சாமான் சார்’ என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள். டூப்ளே அங்கே ஆளுநராக இருந்தது 1742 முதல் 1754 வரை, பாரிஸில் வளைவுப் பாணி கொடிகட்டிப் பறந்த காலம், அது சரிதான். ஆனால் 1761-ல் ஆங்கிலேயர் அந்த ஊரை இடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள். அதில் தப்பித்த டிரஸ்ஸர் அந்தக் கடை வாசலில் வெயிலில் நிற்காது.

பழசை உண்மையாகவே பழசா என்று பார்க்க அடியில் குனிய வேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் வினீரைக் கையால் அறுத்தார்கள், 2 மில்லிமீட்டர் போலத் தடிப்பாக இருக்கும். இன்றைய மிஷின் வினீர் தாள் மாதிரி. கல் மேல்பலகையைத் தூக்கி அடிப்பக்கம் தடவுங்கள். பழைய கல்லின் அடி சொரசொரப்பாக, உளி பட்ட மாதிரியே இருக்கும். யாரும் பார்க்காத இடத்தை அப்போது யாரும் பாலிஷ் போடவில்லை. இழுப்பறை ஓடும் சட்டத்தில் தேய்மானம் தெரிய வேண்டும். இருநூறு வருஷம் இழுத்த இழுப்பறை தேயாமல் இருந்தால் யாரோ கதை விடுகிறார்கள். மரத்தூள் உதிர்கிறதா என்றும் பாருங்கள். புதுத் தூள் என்றால் புழு உள்ளே இன்னும் உயிரோடு இருக்கிறது, விலை எவ்வளவு குறைத்தாலும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

ஆசாரி வழியில் பொறுமை வேண்டும், தினமும் போன் செய்ய வேண்டும். கால், சட்டம், இழுப்பறை முகம் தேக்கில், பெட்டி நல்ல பிளைவுட்டில் தேக்கு வினீர் ஒட்டி என்று கலந்து செய்தால் முழுத் தேக்கைவிட வெகுவாகக் குறையும், வளைந்தும் போகாது. எங்களுக்கு அவர் சொன்ன தொகை, ஷோரூமில் அதே அளவு வெள்ளை டிரஸ்ஸருக்குக் கேட்டதைவிடக் கொஞ்சம்தான் கூட.

பாலிஷ் விஷயத்தில் ஒரு வேடிக்கை. ‘பிரெஞ்சு பாலிஷ் போடவா?’ என்று ஆசாரி கேட்டதும் அக்கா சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டாள். பிரெஞ்சு பாலிஷ் என்பது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பொட்டலத்தால் மெல்லிய பூச்சாகத் திரும்பத் திரும்பத் தேய்ப்பது. ஈட்டி மரத்தில் அந்த ஆழமும் மினுக்கும் வேறு எதிலும் வராது. ஆனால் ஸ்பிரிட்டில் கரைந்தது ஸ்பிரிட் பட்டால் மறுபடி கரையும். டிரஸ்ஸர் மேல் நாம் வைப்பது என்ன? சென்ட் பாட்டில், சானிடைசர். ஈரத் தம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும். பக்கங்களுக்கும் இழுப்பறை முகத்துக்கும் பிரெஞ்சு பாலிஷ், மேலே கல், இதுதான் சரி என்று பேசி முடித்தோம்.

மேலே என்ன வைப்பது

கல் என்றால் வெள்ளை மார்பிள் என்று ஆசைப்படுவார்கள். தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் ஒரு சொட்டு சிந்தி இரவு முழுக்க ஊறினால் மார்பிளில் நிழல் மாதிரிக் கறை நிற்கும். குங்குமமும் மஞ்சளும் கேட்கவே வேண்டாம். லூயி பிலிப் கொமோட்களில் இருந்த சாம்பல் கல்லைப் போலத் தெரிய, பளபளப்பு இல்லாத சாம்பல் கிரானைட் போட்டுக்கொள்ளலாம். 4 அடிக்கு ஒன்றரை அடி, 20 மில்லிமீட்டர் தடிமன் என்றால் 30 கிலோ பக்கம் வரும், சிமெண்ட் மூட்டையில் பாதிக்கு மேல். எம்.டி.எஃப். பெட்டி மேல் இதை ஏற்றக் கூடாது.

கண்ணாடியை டிரஸ்ஸரோடு சேர்த்துத் திருகாமல் சுவரில் தனியாக மாட்டினால்தான் பிரெஞ்சுத் தோற்றம் வரும். டிரஸ்ஸர் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு அகலம், மேல்பலகைக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி. ‘த்ருமோ’ என்று ஒன்று உண்டு, நீளக் கண்ணாடியின் தலையில் ஓவியமோ சிற்ப வேலையோ இருக்கும். அதைத் தேடி அலைய வேண்டாம், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய தேக்குச் சட்டம் போட்ட கண்ணாடி கிடைத்தால் அது இதன் மேல் அழகாக உட்காரும். பாதரசம் கொஞ்சம் போயிருந்தால் இன்னும் அழகு, பொட்டு நேராக வைக்கத்தான் சிரமம். கட்டிலுக்கு நேரே கண்ணாடி கூடாது என்று அம்மா சொன்னதால் எங்கள் வீட்டில் சுவரே மாறியது. நல்லதுதான், இப்போது ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் முகத்தில் விழுகிறது.

தரையையும் பார்த்து முடிவெடுங்கள். ஆத்தங்குடிக் கல் மாதிரிப் பூவும் கோலமுமாகக் கிடக்கும் தரையில் லூயி பிலிப் போன்ற மொட்டைச் சாமான்தான் எடுபடும். சிவப்பு ஆக்சைடு தரையில் சாம்பல் வெள்ளை 16-ஆம் லூயி நின்றால் அறையே குளிர்ந்த மாதிரி இருக்கும். வெள்ளை டைல்ஸ் தரையில் வெள்ளை டிரஸ்ஸர் ஆஸ்பத்திரி. அங்கே மர நிறமே போடுங்கள்.

மேல்பலகை அலங்காரத்துக்கு எனக்கு ஒரே கணக்கு. ஒரு பக்கம் உயரமாக ஒன்று, விளக்கோ பித்தளைக் குடமோ. மறுபக்கம் தாழ்வாக ஒரு தட்டு, அன்றாடச் சில்லறை எல்லாம் அந்தத் தட்டுக்குள். நடுவில் காலி. அந்தக் காலியைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். இஸ்திரி போட்டு வந்த துணி அடுக்கு முதலில் அங்கேதான் இறங்கும், அப்புறம் சார்ஜர், கரண்ட் பில். எங்கள் வீட்டில் இஸ்திரித் துணிக்கென்றே இரண்டாவது இழுப்பறையைக் காலியாக விட்ட பிறகுதான் இது நின்றது.

கடைசியில் அக்காவுக்கு வந்தது 16-ஆம் லூயி காலும், மேலே மூன்று சின்ன இழுப்பறையும், கீழே இரண்டு பெரியதும். 46 அங்குல அகலம், கல்லோடு சேர்த்து 34 அங்குல உயரம். பெரிய இழுப்பறைகளுக்கு டெலஸ்கோப்பிக் சேனல், அதாவது இழுக்க இழுக்க நீளும் இரும்புத் தண்டவாளம், போடலாம் என்றார் ஆசாரி. அக்கா மரச் சட்டமே போதும் என்றாள். ஐப்பசி மழையில் மரம் ஈரம் குடித்துக் கீழ் இழுப்பறை இறுகிக்கொண்டது. கூப்பிட்டதும் ஆசாரி வந்து, இழைப்புளியை எடுக்காமல், “இப்ப சீவினா பங்குனியில லொடலொடன்னு ஆடும்மா” என்று சொல்லிவிட்டு, பூஜை அறையிலிருந்து ஒரு மெழுகுவர்த்தி கேட்டு வாங்கிச் சட்டத்தில் இரண்டு பக்கமும் தேய்த்தார். இப்போது ஒரு விரலால் இழுத்தால் வருகிறது. அந்த மெழுகுவர்த்தித் துண்டு மேல் இழுப்பறையில், ஹேர்பின்களோடு கிடக்கிறது.